கைச்சூடு

முன்பனியா பின்பனியா என்று
இங்கே யாரும் கேட்பதில்லை.
பனி ஒன்றே. அக்டோபரில் வந்து
மே மாதம்வரை உட்கார்ந்திருக்கும்,
வாடகை தராத குடித்தனக்காரனைப் போல.

உத்ஸ்யோகியில்
நவம்பர் கடைசியில் இறங்கிய சூரியன்
பொங்கல் கழிந்துதான் தலைகாட்டும்.
நடுவில் பகல் என்பது
நண்பகலை ஒட்டிச் சற்று நேரம்
நீலமாய்க் கசியும் ஏதோ ஒன்று.

ஐலா பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள்.
இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி
காரிகஸ்னியேமி வரை நூறு கிலோமீட்டர்,
தேனோ ஆற்றின் ஓரமாகவே.
பெயரில்தான் தேன்.
ஆறு இரும்பாய் இறுகிக் கிடக்கும்.

பிறந்தநாளுக்கு நாத்தனார் தந்தது
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு செவ்வந்திக்கல்.
கூடவே துண்டுச் சீட்டு:
"மனத்தை அமைதியாக்கும்.
உங்களை மண்ணோடு பிணைக்கும்."
ஐலா சிரித்தாள்.
"மண்ணோடு பிணைக்க
எனக்குப் பதினெட்டு டன் வண்டி இருக்கிறது."
சீட்டை அடுப்பில் போட்டாள்.
கல் எரியாதே,
அது வண்டிக் கதவின் பையில்
ஸ்க்ரூடிரைவரோடு கிடந்தது.

டிசம்பரில் ஒருநாள்
விளக்கு வெளிச்சத்துக்குள் பனிமான்கள்.
முப்பது, நாற்பது.
முன்தகடு
கடைசி மானின் வாலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.
மான்கள் போய்விட்டன, திரும்பியும் பாராமல்.
ஸ்டியரிங்கில் அவள் கை மட்டும்
ஆடிக்கொண்டே இருந்தது.
எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது.
கல் அகப்பட்டது.

கதவோரக் குளிரெல்லாம் அதற்குள் இருந்தது.
எதையும் தரவில்லை அது.
அமைதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.
எடுத்துக்கொண்டதுதான்.
உள்ளங்கைச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக,
பூனை பாலை நக்குவதுபோல.
முனைகள் முதலில். பிறகு நடு.
கல் அவள் கையளவு சூடாகும்வரை
வண்டி நின்றது.
ஏழு நிமிடம். கணினியில் பதிவாகியிருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
"மான்" என்று எழுதினாள்.

அதன்பிறகு தினமும்.
யாரிடமும் சொல்லவில்லை.
நாத்தனாரிடம் நிச்சயமாக இல்லை.

ஜனவரியில் வழியில் ஒரு மீன் லாரி
பள்ளத்தில் சரிந்து கிடந்தது.
ஸ்வெர்ரே என்றொரு நார்வேக்காரன்.
அடி ஒன்றும் இல்லை,
பல் மட்டும் தந்தியடித்தது.
மீட்பு வண்டி வர ஒன்றரை மணி நேரம்.
இவளுக்கு அவன் பாஷை அரைகுறை,
அவனுக்கு இவள் பாஷை அதுவும் இல்லை.
காப்பி தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது.
கல்லை அவன் கையில் திணித்தாள்.
எதற்கு என்று கேட்காமல் பிடித்துக்கொண்டான்.
அவன் போனபோது கல்லும் போனது.

மிச்சக் குளிர்காலத்துக்கு
வண்டி பின்னால் தூவிக்கொண்டு போகும்
ஜல்லியில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.
கறுப்பு. ஒரு பக்கம் உடைந்தது.
எந்தச் சீட்டும் இல்லை.
வேலை செய்தது.

ஜூலையில் ஓர் உறை வந்தது,
சூரியன் கண் மூடாத மாதம்.
"மன்னிக்கவும். தினமும் கண்ணில் பட வேண்டுமென்று
வண்டி முகப்பிலேயே வைத்திருந்தேன்.
வெயில் நிறத்தைக் குடித்துவிட்டது."
உண்மைதான்.
அரிசி களைந்த தண்ணீராய் வெளுத்திருந்தது.
செவ்வந்திக்கல்லுக்கு வெயில் ஆகாதென்று
துண்டுச் சீட்டில் இருந்ததோ என்னவோ.
எரித்துவிட்டாளே.

கம்பளிக் காலுறைக்குள் போட்டு முடிந்து
அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.
வெளியே நள்ளிரவு வெயிலில்
பக்கத்து வீட்டுப் பெந்தி
படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.
கல்லுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

இப்போது நவம்பர். மைனஸ் இருபத்தாறு.
கதவுப் பையில் ஜல்லியும் அதுவும்
வளைவுக்கு வளைவு
ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
பாலம் தாண்டியதும் கை அங்கே போகும்.
எது அகப்பட்டது என்று அவள் பார்ப்பதில்லை.
சில்லென்று இருந்தால் சரி.