ஏழு கிராம்

மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
ஒரு காரைக் கொடுத்தார் காண்டிராக்டர்.
ஆமை முதுகு. பணகுடி ஷெட்டுக்குப் பின்னால்
உடைமரத்துக்கும் ஒடிந்த காற்றாலை இறக்கைக்கும் நடுவே
பதினோரு வருஷமாகக் கிடந்தது.
"எடுத்துட்டுப் போல, இரும்பு விலைக்கே தேறும்."
தேறாது. மேலப்பாளையத்தில் கேட்டுவிட்டேன்.

பின்கதவைத் தூக்கினால் எஞ்சின்.
ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் ஊற்ற வாயே இல்லை.
கித்தேரி குனிந்து பார்த்தாள்:
"நம்ம ஊருக்கு ஏத்த பண்டம்தான்.
குழாய்ல வாரத்துக்கு ஒருநா தண்ணி,
காத்து மட்டும்தான இங்க ஓசி."

எனக்குச் சோறும் அந்தக் காற்றில்தான்.
கணவாய் வழியே அது வரும் மாதங்களில்
எண்பது மீட்டர் ஏணி ஏறி
பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பேன்.
வராத மாதங்களில்
சம்பளமும் வராது என்று யாரும் சொல்லவில்லை.

பிரித்தேன்.
சிலிண்டரின் செதில்களுக்கு இடையே குளவிகளின் மண்கூடு.
ஸ்க்ரூடிரைவரால் நோண்ட, உதிர்ந்தன
காய்ந்த சிலந்திகள்.
எண்ணெய் கூலர் மறித்து நிற்பதால்
மூன்றாவது சிலிண்டருக்கு எப்போதும் காற்று குறைவு.
அதன் பிஸ்டன் கீறி, வால்வு ஓரம் கரிந்திருந்தது.
வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவனுக்கு
இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
'சிலிண்டர் கணக்கு' என்று தலைப்பெழுதினாள் கித்தேரி.
நான்கும் புதிதாக வாங்கும் விலையை
எழுதி உடனே அடித்தாள்.
ஒன்று மட்டும் மைதீன் பிச்சை கடையில் பழசு கிடைத்தது.
"சிலிண்டரும் பிஸ்டனும் சோடியாத்தான் தருவேன்,
பிரிச்சா பாவம்" என்றார்.
ஆயிரத்து இருநூறு சொல்லி தொள்ளாயிரத்தில் இறங்கினார்.

அதற்கும், ரிங்குக்கும், பேரிங்குக்குமாக
வள்ளியூரில் கம்மல் அடகு.
நாலு கிராம் என்றது தராசு.
ரசீதை மடிக்கும்போதுதான் தோன்றியது.
மறுநாள் மஞ்சள் பையில்
நான்கு பிஸ்டன்களோடு போய் நின்றேன்.
பொன்னுதுரை கண்ணாடியை இறக்கினார்:
"இதையுமா வைக்கப் போறிய?"
"எடை மட்டும் அண்ணாச்சி."
மூன்று ஒரே எடை. வாங்கி வந்தது
ஏழு கிராம் கூடுதல்.
அவள் காதில் கிடந்ததை விட மூன்று கிராம் அதிகம்.
நிமிஷத்துக்கு மூவாயிரம் முறை
போய்ப் போய்த் திரும்பும் இடத்தில்
ஏழு கிராம் சின்ன எடையில்லை.

அரத்தால் உட்புறம் ராவினேன்.
மடியெல்லாம் அலுமினியப் பொடி.
மூன்று முறை பஸ் ஏறினேன், அந்தச் செலவும் கணக்கில் உண்டு.
கடைசி நடையில் நான்கும் ஒரே எண் காட்ட,
வளையல் வைக்க வந்திருந்த பெண்
தன் ரசீதை மறந்து எட்டிப் பார்த்தாள்.

வால்வு தேய்த்தது கித்தேரி.
உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டி,
பசை கரகரப்பு விட்டு வழுக்கும் வரைக்கும்.
மண்ணெண்ணெய் ஊற்றி விடியும்வரை விட்டோம்.
மூன்றாவதில் ஒரு சொட்டு இறங்கியிருந்தது.
"சவம்" என்று திட்டி
மறுபடி உட்கார்ந்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை, காற்று விழுந்த நாள்.
மலையடியில் அத்தனை இறக்கைகளும்
தூங்குகிற கொக்குகளாக நிற்க,
இரவல் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.
தும்மியது. மறுபடியும் தும்மல்.
அப்புறம் பிடித்துக்கொண்டது.
விசிறி சுற்ற, தகரத்துக்கு அடியிலிருந்து
வெதுவெதுவென்று கையில் பட்டது.
அன்றைக்கு ஊரிலிருந்த காற்று
அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு பைக்கில் வந்தார் காண்டிராக்டர்.
சுற்றி வந்தார், கதவைத் தட்டினார்.
"என்ன ரேட்டு சொல்லுத?"
மண்ணெண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்து
கேஸ் புத்தகத்தைப் பிரித்தாள் கித்தேரி:
"மொதல்ல மூணு மாசச் சம்பளம்.
பெறவு கம்மல்.
மிச்சத்த வாசிக்கேன், இருங்க."

அவர் இருக்கவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
பெட்ரோல் விலை எங்கள் இருவருக்கும் தெரியும்.
இருந்தும்
அணைக்கச் சொல்லி அவளும் சொல்லவில்லை.