ஒரு சாண்

மணமுறிவுப் பத்திரத்தில் குமாஸ்தா
வரிசையாகத் தட்டச்சு செய்திருந்தார்.
தையல் மெஷின், மரக்கட்டில், பிரிட்ஜ்,
கைபேசி, இணைப்பு மனைவி பெயரில்: அவளுக்கு.
பழைய டொயோட்டா, தூண்டில்கள் நான்கு,
கையடக்கக் கணினி ஒன்று, குச்சியோடு: எனக்கு.
இங்கே ஒரு கையெழுத்து, மிஸ்டர் படையாச்சி, என்றார்.
போட்டேன்.

வாடகை அறைக்கு வந்தபிறகுதான் உறைத்தது.
என் கணினிக்கு வெளியே போக வழியில்லை,
வழி அவள் போனுக்குள் இருந்தது.
அவள் போனிலோ கடிதம் படிக்க முடியாது,
திரை நகத்தளவு.

நிரோஷினி கப்பலில் இருக்கிறாள்.
பயணிகள் கப்பல், ரொட்டி அடுப்புப் பக்கம் வேலை.
புதன் இரவுதான் அவளுக்கு எழுத வாய்க்கும்,
எங்கள் இருவருக்கும் சேர்த்து, பழைய ஒரே முகவரிக்கு.
பிரிந்ததை அவளுக்குச் சொல்லவில்லை.
கரைக்கு வரட்டும் என்றாள் லோகி.
பதினோரு வருடத்தில்
நான் மறுபேச்சுப் பேசாத ஒரே தடவை.

அதனால் வியாழக்கிழமை ஐந்தரைக்கு
ஐசிப்பிங்கோ கடற்கரை, கார் நிறுத்துமிடம்.
டொயோட்டாவின் பானெட் சுடும்,
துண்டை விரிப்பேன்.
அவள் போனை வைப்பாள். நான் கணினியை வைப்பேன்.
முகத்துக்கு முகம். நடுவில் ஒரு சாண்.
லேசாகத் திரும்பினாலும் இரண்டும் பேசாது.
வெயில் விழுந்தாலும் பேசாது.
லோகி கைப்பையை மேற்கே நிறுத்தி
நிழல் கட்டுவாள்.

அந்தச் சாணுக்குள் ஓடுவது
அகச்சிவப்பு என்று அகராதி சொன்னது.
கண்ணில் படாத சிவப்பாம்.
உள்ளே சிவந்துகொண்டு
வெளியே ஒன்றும் காட்டாதது.
பக்கத்தை மூடினேன்,
அந்த ரகத்தோடு குடித்தனம் நடத்தியவன்.

எண் சுழலும். கடல் இரையும்.
ஷேட் மீன் வாளியோடு ஒருத்தர்
என்ன, இரண்டு போனுக்கும் கல்யாணமா என்று
கேட்டுக்கொண்டே போவார்.
லோகி சிரிக்க மாட்டாள். வாய் மட்டும் கோணும்.
தலைப்பு வரும், அப்புறம் பாதிக் கடிதம்,
ஒரு பூச்சி குறுக்கே பறக்கும், அறுந்துபோகும்,
மறுபடி முதலிலிருந்து.
நிமிடத்துக்கு இரண்டு ரேண்டு, பாதிப் பாதி.

ரயிலடிக்கு எதிரே, பன்னி சௌ கடை மாடியில்
இன்டர்நெட் மையம் இருக்கிறது.
அரைமணிக்கு ஐந்து ரேண்டு.
எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

போன வாரம் நிரோஷினி கேட்டிருந்தாள்:
அப்பா இன்னும் குறட்டை விடுறாரா?
அம்மா காதுல பஞ்சு வைக்கிறாளா?

கட் பண்ணிட்டு எழுது, காசு ஓடுது, என்றாள்.
கட் பண்ணினேன்.
காசு ஓடாத நேரம் அது.
குச்சியைப் பிடித்தபடி நின்றேன்.
ஒரு அலை, இன்னொரு அலை.
பிறகு சொன்னாள், கடலைப் பார்த்து:
விடுறார்னு எழுது.
எழுதினேன்.
பஞ்சு தீர்ந்துபோச்சுன்னு எழுது.

இன்றைக்குப் புதுப் போனோடு வந்தாள்.
மெல்லியது, ஓரத்தில் நீல விளக்கு.
ப்ளூடூத்தாம். பத்து மீட்டர் தள்ளி,
பைக்குள் கிடந்தபடி,
ஒன்றையொன்று பார்க்காமலே பேசிக்கொள்ளுமாம்.
கடைப் பையன் சொன்னதை அப்படியே சொன்னாள்.
"உன்னுதுல அது இருக்கா?"
"இல்லை. இது பழசு."

நிழல் கட்ட வேண்டியிராத கைப்பையை
தோளில் மாட்டியபடி நின்றாள் கொஞ்சநேரம்.
காற்றில் மீன்வாடை.
நான் கார்ச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தேன்,
அந்த மாடியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று.

நகத்தால் புதுப் போனின் முதுகைத் திறந்தாள்.
பாட்டரியை எடுத்தாள், சிம்மை நெம்பினாள்.
கைப்பைக்குள்ளிருந்து, கைக்குட்டையில் சுற்றி,
பழைய போன்.
முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்தாள்.

"துண்டை விரி," என்றாள்.