அளபெடை

மூவாயிரத்து இருநூறு சட்டை.
தோளில் தொடங்கி இடுப்பு வரைக்கும் ஒரு பாட்டு,
நீல மையில், எங்கள் யாருக்கும் தெரியாத எழுத்தில்.
ஃபிலிமில் ஓர் எழுத்துக்குப் பின்னால்
சும்மா படுத்திருந்தது ஒரு கோடு.
கீறல் என்று நினைத்து
ஸ்கிரீனில் டேப் ஒட்டி அடைத்தவள் நான்.

அரகாக்கி அம்மா ஒகினாவாவிலிருந்து வந்தது
ஒரு வியாழக்கிழமை.
எங்கள் மாரக்காள் உயரம்தான் இருப்பார்.
சட்டையை டேபிளில் விரித்தார்.
விரல் வைத்த இடத்தைப் பார்த்து
மெர்ச்சன்டைசர் பையன் சொன்னான்:
"இங்க ஒரு கோட்டைக் காணோமுங்க."
"கோடுதானுங்களே" என்றார் மேனேஜர்,
கீழே விழுந்தது எட்டணா என்பதுபோல.

அந்தம்மா கத்தவில்லை.
ரிப்போர்ட்டைத் திறக்கவில்லை.
பாடினார்.

க்யூரிங் மெஷின் இரைச்சலுக்கு மேலே
அந்த எழுத்து வந்ததும் நின்று இழுத்தார்,
ஆயிரம் அடி போரில் பைப் இறக்குவது மாதிரி
இன்னும்
இன்னும்
தண்ணீர் தட்டுப்படுகிற வரைக்கும்.

பிறகு, நாங்கள் அச்சடித்தபடியே
கோடில்லாமல் பாடிக் காட்டினார்.
பேச்சு நடுவில் சார்ஜ் தீர்ந்த போன்.

அவர்கள் ஊர்க் கல்யாணத்தில்
அந்த இழுப்புக்குத்தான் பந்தியே எழுந்து ஆடுமாம்.
டோக்கியோவில் பாட்டின் பாஷையே தெரியாதாம்,
ஆனாலும் ராத்திரி கடைகளில்
முதலில் கேட்பது இதைத்தானாம்.
ஒடிசாக்காரன் பிஜய் போனை எடுத்து
சட்டை முதுகில் காட்டினான்.
'உப்பு மாமியார் நேற்று அலை' என்றது போன்.
அதற்கும் அந்தம்மா சிரித்தார்.
மூன்று கம்பி வாத்தியமாம், மலைப்பாம்புத் தோல் போர்த்ததாம்.
"ஆத்தாடி, நாங்க புத்துக்குப் பால் ஊத்தறவங்க"
என்று ரெண்டடி பின்வாங்கினாள் மாரக்காள்.

முகூர்த்த நாளுக்கெல்லாம் லீவு கேட்கிற
சுப்பராயண்ணன்
அதுவரை மை கலக்கிக்கொண்டிருந்தார்.
"இன்னொருக்கா பாடச் சொல்லு கண்ணு."
ஸ்குவீஜிக் கட்டையில் விரலை வைத்து
இல்லாத துளைகளை மூடித் திறந்தார்.
"ரி இல்லை. த இல்லை.
சாமி பொறப்படறப்ப மல்லாரி ஊதுவமல்லோ,
அந்த ராகத்து சொந்தமுங்க இது."
பையனுக்கு இதை எப்படி ஜப்பானில் சொல்வதென்று தெரியவில்லை.
சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.
அண்ணன் வாயாலேயே ஊத ஆரம்பித்திருந்தார்.
அந்தம்மா கைகளைத் தூக்கி
காற்றில் கதவைத் தள்ளித் திறந்தார், மூடினார்.
மூணு மாசமாய் வள்ளி கும்மி பழகுகிற மாரக்காள்
தன் அடியை வைத்தாள்.
ஒத்துப்போகவில்லை.
ஒத்துப்போகாமலே ரெண்டு சுற்று வந்தார்கள்,
ஈரச் சட்டைகளுக்கு நடுவே.
மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்
யாருக்கோ போன் பேசினார்.

எனக்கு அது பிடிபடவே இல்லை.
ரண்டு சுரம் இல்லாததால் அது பாட்டு.
ஒரு கோடு இல்லாததால் ரிஜெக்ட்.
எந்த இன்மையை அடைக்கலாம்,
எதைத் தொடக்கூடாது?
டேப் ரோலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள்.
புது ஸ்கிரீன் போட்டு
ரெண்டு ராத்திரி
கோட்டை மட்டும் அச்சடித்தோம்.
வேறொன்றும் இல்லை, ஒரு கோடு,
மறுபடி ஒரு கோடு,
மறுபடி.
பிஜய் ஒவ்வொன்றுக்கும் இழுத்தான்.
மூச்சு முட்டி நிறுத்தினான்.

கறை பட்ட நூற்று நாற்பது பீஸ் தப்பிவிட்டது,
காதர்பேட்டைக்கு, கிலோ கணக்கில்.

போன வாரம் பல்லடம் பஸ்ஸில்
எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்றான் ஒருவன்.
எலுமிச்சை மூட்டை காலடியில்,
அந்தப் பாட்டு முதுகில்.
வியர்வையில் எழுத்தெல்லாம் கறுத்திருந்தது.
அருள்புரம் ஸ்டாப்பில் பிரேக் அடித்ததும்
அந்த எழுத்து என் முகத்துக்கு நேரே வந்தது.
வாயைத் திறக்காமல்
நானே இழுத்தேன்,
அடுத்த ஸ்டாப் வரைக்கும்.