ஒண்ணு, ரெண்டு

கொக்கிரகுளத்தில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லுக்குள்
எண்பது பேர் இருந்திருப்போம்.
தவிட்டு வாடை இன்னும் போகவில்லை.
தூணில் ஓர் ஆணி,
ஆணியில் கறுப்புக் கயிறு,
கயிற்றில் விசில்.
பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தது:
ஒண்ணு ஊதினால் நிற்பேன்.
ரெண்டு ஊதினால் நடப்பேன்.
ஒரு மணி நேரம். யார் வேண்டுமானாலும்.

ஜெபக்கனி என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.
காக்கி நிறச் சுடிதார், வெறுங்கால்.
எங்களை அவள் பார்க்கவில்லை.
பார்க்க வந்தவர்கள் நாங்கள்தானே.

பத்து நிமிஷம் ஒருத்தரும் எழவில்லை.
பிறகு டைலர் மைதீன் பிச்சை போய்
கூச்சத்தோடு ரெண்டு ஊதினார். நடந்தாள்.
ஒண்ணு ஊதினார். நின்றாள்.
பல் தெரியச் சிரித்துவிட்டு
விசில் வாயைக் கைலியில் துடைத்துத்
திரும்ப மாட்டினார்.

அதற்கப்புறம் வரிசை நின்றது.
காலேஜ் பயல்கள் அவளைச் சுவருக்கு ஓட்டினார்கள்.
சுவர் வந்தது. ஒண்ணு வரவில்லை.
சுவரோடு நடந்துகொண்டே இருந்தாள்,
முழங்கால் காரையில் உரச உரச.
"போதும்ல, விடுங்கல" என்றது ஒரு குரல்.
அது என் குரல் என்றுதான்
வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

யாரோ தோளைப் பிடித்து
வாசலைப் பார்க்கத் திருப்பினார்கள்.
திருப்பலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
ரெண்டு.
அடுத்து நான், அடுத்து நான் என்ற இழுபறியில்
கயிறு அறுந்து
நெல் அவிக்கிற தொட்டிக்குள் போய் விழுந்தது விசில்.
உள்ளே இருட்டு, பழைய இரும்பு.
அவள் படியிறங்கிவிட்டாள்.

நில்லும்மா, நில்லு தாயீ,
ஏ பிள்ள, பஸ் வருது.
பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.
பேச்சுக்கு நிற்பேன் என்று அவள் எழுதவில்லை.
பாலத்து முனையில் சாயங்கால நெரிசல்,
ஆற்றுக் காற்றில் துப்பட்டா ஒரு பக்கமாய்ப் பறக்க,
ரோட்டு ஓரத்து மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

என் சட்டைப் பையில் என் விசில் இருந்தது.
பதினேழு வருஷம், பாபநாசம் ரூட்.
முந்தின ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தேன்.
துணிக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது.
தொட்டபடியே எண்ணினேன்:
நாலு எட்டு. அஞ்சு எட்டு.
ஆறாவதையும் பார்த்துவிடலாம் என்று.

ஏழில் ஊதினேன்.

அவள் நின்றாள்.
அவளுக்குப் பத்தடி தள்ளி
தென்காசி வண்டி ஒன்றும் குலுங்கி நின்றது.
டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.
ஜன்னலில் தலைகள்: இது என்ன ஸ்டாப்புவே?
நானும் நின்றேன்.
தாமிரபரணி மட்டும்
யார் ஊதியதையும் கேட்காமல் போனது.

மணி முடிந்ததென்று யாரோ கையைக் காட்டினார்கள்.
அவள் குனிந்து முழங்காலை ஊதிக்கொண்டாள்.
ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.
முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து,
"அண்ணாச்சி, வீரவநல்லூருக்கு
கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்றாள்.

தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
சொல்லவில்லை.
வாயில் இன்னும் விசில் இருந்தது.