நடுவிரல்

போன தேர்தலில் வைத்த மை
ஆட்காட்டி விரலைவிட்டு இன்னும் போகவில்லை.
நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து
வெட்டி எறிய ஒரு நூல் மிச்சம்.
அதற்குள் இடைத்தேர்தல்.
"இந்தத் தடவை நடுவிரல்ல வைப்பாங்களாம்"
தண்ணீர் லாரி வரிசையில் பிலோமினா சொன்னாள்.
குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.

எங்கள் தொகுதியில் யாரும் சாகவில்லை.
செத்து வந்தால் அது நியாயமான இடைத்தேர்தல்:
ஒரு மாலை, ஒரு நிமிட மௌனம், பிறகு ஓட்டு.
இவர் உயிரோடு ராஜினாமா செய்தார்.
மனசாட்சி என்றார் டிவியில்.
மனசாட்சி ஒன்பது நாள்
தேவனஹள்ளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கியிருந்தது,
நீச்சல் குளம், காலை டிபன் உட்பட.
இப்போது அதே ஆள், அதே வெள்ளைச் சட்டை,
துண்டின் நிறம் மட்டும் வேறு,
லிங்கராஜபுரத்துச் சந்துக்குள் கைகூப்பி வருகிறார்.
"சௌக்கியமா இருக்கியாம்மா?"
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற தமிழை
ஐந்தே மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டியதால்
உச்சரிப்பு கொஞ்சம் தேறியிருக்கிறது.
கட்சி மாறியதில் நாங்கள் கண்ட லாபம்.

ஓட்டை விற்கிற ஜனம் என்று
எதிர் அடுக்குமாடியின் ஏழாம் தளம் சொல்கிறது.
அங்கே சமைப்பவள் என் தங்கச்சி,
ஒரு சொல் சிந்தாமல் வீடு வந்து சேரும்.
ஆமாம் சார், குக்கர் வந்தது. மூன்று லிட்டர்.
விசில் அடிக்காது, ஆவி பக்கவாட்டில் போகும்.
இரண்டு கட்சியும் தந்தார்கள், இரண்டையும் வாங்கினேன்,
ஒன்றில் இப்போது அரிசி கொட்டி வைத்திருக்கிறேன்.
அவர் செய்தது மொத்த வியாபாரம்,
எங்களுடையது சில்லறை.
ஊரே சில்லறையைத்தான் எண்ணிப் பார்க்கிறது.
விற்றதாக நீங்கள் சொல்லும் என் ஓட்டு
மெஷினுக்குள் இருக்கிறது.
விற்காத உங்கள் ஓட்டு எங்கே சார்?
லீவு நாளில் கூர்க் போயிருந்ததாமே,
காப்பித் தோட்டம் பார்க்க.

"எவன் வந்தா என்ன"
வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்தபடி சொல்கிறார்.
அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான்
அவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள்,
வேட்புமனுவே அதுதான் என்றேன்.
எவனோ வந்தபோதுதானே
ரேஷன் கார்டிலிருந்து உங்கள் அம்மா பெயர் போனது?
எவனோ வந்தபோதுதானே
ராஜகால்வாய்க்குச் சுவர் எழும்பியது,
கட்டில் கால்வரை ஏறிய சாக்கடை
ஒரு மழைக்காலம் வராமல் இருந்தது?
சொல்லி முடித்த பிறகு உறைத்தது,
சுவர் கட்டியது இவர்தான்,
துண்டு மாற்றுவதற்கு முன்னால்.
அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.
எனக்கும் அதற்குமேல் பேச்சு வரவில்லை.

மாநகராட்சிப் பள்ளி, நான்காம் வகுப்பு.
கரும்பலகையில் அழிக்காமல் விட்ட கன்னட வாய்பாடு,
எட்டோடு நின்றுபோயிருந்தது.
அதிகாரி என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்,
பழைய மையைப் பார்த்தார்,
பக்கத்து விரலை இழுத்துக் கோடு போட்டார்.
பொத்தானை அமுக்கினேன்.
கண்ணாடிக்குள் சீட்டு ஏழு நொடி நின்றது.
அந்த ஏழு நொடி
யாரும் என்னை ஏய் என்று கூப்பிடவில்லை.
இதைப் பெரிதாகச் சொல்வதாக நினைக்காதீர்கள்,
காலர் லைனில் பன்னிரண்டு வருடம் தைப்பவளுக்குத்தான்
ஏழு நொடியின் நீளம் தெரியும்.
யாருக்குப் போட்டேன் என்று
வீட்டுக்காரருக்கே சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனி வாசலில்
சூப்பர்வைசர் கங்காதரப்பா ரிஜிஸ்டரோடு நின்றார்.
மை இருந்தால் சம்பளத்தோடு லீவு,
இல்லையென்றால் பிடித்தம்.
ஆட்காட்டி விரலைக் காட்டினேன்.
"இது பழசு. புதுசு எங்கே?"
சரியாகத் தெரியட்டும் என்று
மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு
புதுசைக் காட்டினேன்.

பின்னால் பிலோமினாவுக்கு இருமல் வந்தது.
அவர் வெகுநேரம் பார்த்தார்,
பிறகு டிக் அடித்தார்.
சனிக்கிழமை எண்ணுகிறார்கள்.