மூன்றாம் பக்கத்துத் தண்ணீர்

ஓஹையோவில், பார்மா நகரில்
ஜூலை மாதத்துச் செவ்வாய் இரவொன்றில்
நாற்பது நிமிடம்தான் மழை.
அது போதுமாயிருந்தது.
சலவை எந்திரத்துக்குப் பக்கத்தில், தரையில்,
இரும்பு வலை மூடிய துவாரம்
முதலில் ஏப்பம் விட்டது.
பிறகு பேச ஆரம்பித்தது.

லோர்னா ஹ்ரிப்கோ பாதிப் படியில் நின்றாள்.
கீழே,
கைப்பிடியை அழுத்தி அவள் அனுப்பி மறந்ததெல்லாம்
திரும்பி வந்திருந்தது.
அவளுடையது மட்டுமா, தெருவே வந்திருந்தது,
உறைபெட்டியைத் தூக்கி மிதக்கவிட்டு,
கிறிஸ்துமஸ் மரத்தின் அட்டைப்பெட்டியைக் கூழாக்கி,
டேல் பௌலிங்கில் வாங்கிய கோப்பைகளின்
கழுத்துவரை ஏறி.

மூன்றாம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார்.
டெனீஸ் டாலிவர்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
முகக்கவசத்துக்குள் புதினா மிட்டாய்.
சுவரில் படிந்த கறுப்புக் கோட்டுக்கு நாடா பிடித்தார்:
பதினேழு அங்குலம்.
நான்கு சுவரிலும் பிடித்தார்.
நான்கிலும் பதினேழு.

அதற்குப் பிறகு தண்ணீரிடம் விசாரணை.
எந்த ஊர்? எந்த வழியாக வந்தாய்?
சமையலறைக் குழாய் வெடித்து வந்தாயா,
உள்ளே வா, உட்கார்.
ஆறு கரை புரண்டு வந்தாயா,
அது வேறு அலுவலகம், வேறு பத்திரம்.
சாக்கடை எதிர்த்து வந்தாயா,
மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி:
தனியே கட்டணம் செலுத்திச் சேர்த்திருந்தால் மட்டும்.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள்,
காப்பீட்டுப் பத்திரம் படிக்காதவர்கள்.

"உங்களுக்கு இருந்திருக்கிறது," என்றார் டெனீஸ்.
"ஆறு வருஷம் இருந்தது.
போன மார்ச்சில்தான் எடுத்திருக்கிறீர்கள்.
வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு டாலர்."
கைக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.
ஒரு கட்டம்: வேண்டாம்.
கட்டத்துக்குள் பச்சை மையில்
ஒரு பெருக்கல் குறி.

அந்த வீட்டில் பச்சைப் பேனா ஒருவனிடம்தான்.
டேல் துடைப்பத்தால்
ஏற்கெனவே காய்ந்த இடத்தைத் துடைத்தான்.
லோர்னா குறியைப் பார்த்தபடி இருந்தாள்.
முப்பது வருஷமாகப் பார்த்த குறி:
முதல் உருட்டிலேயே பத்துக் கட்டையும் சாய்ந்தால்
மதிப்பெண் தாளில்
அவன் போடும் அதே குறி.
இடது கால் கொஞ்சம் நீளம்.

"காபி போடட்டுமா?" என்று கேட்டாள்,
மதிப்பீட்டாளரிடம்.

அந்த வாரம் முழுக்க நடைபாதையில்
கம்பளச் சுருள்கள், வீங்கிய மேசைகள், மெத்தைகள்.
எதிர்வீட்டுப் பெட்ராஸ்கி வாசலிலும் அதே குவியல்,
அதே மழை, அதே நாற்றம்.
ஆனால் அங்கே ஒரு வெள்ளை லாரி நின்றது,
சீருடைக்காரர்கள் விசிறிகளை இறக்கினார்கள்,
பெட்ராஸ்கியின் மகள் புதுக் கம்பளத்துக்கு
நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
லோர்னா பிளீச் வாளியுடன் திரும்பினாள்.

"அந்த மாதம்தான் காருக்கு பிரேக் மாற்றினோம்,"
என்றான் டேல், வியாழக்கிழமை, யாரும் கேட்காமலே.
"தெரியும்."
"பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட..."
"தெரியும், டேல். கையுறை போடு."

பிளம்பர் வந்து
தடுப்பு வால்வுக்கு விலை சொன்னார்.
இருவரும் தலையாட்டினார்கள்,
தேவாலயத்தில் புரியாத பகுதிக்குத் தலையாட்டுவதுபோல.
துவாரத்தின் மேல் ஒரு செங்கல்லை வைத்தான் டேல்.
செங்கல் எதையும் தடுக்காது,
வைத்தவனுக்கே தெரியும்.

செப்டம்பரில் புதுப்பிப்புப் படிவம் வந்தது.
லோர்னா பச்சைப் பேனாவையே எடுத்தாள்.
மற்றக் கட்டத்தில் போட்டாள்,
அவன் போடுகிற மாதிரியே,
இடது காலைக் கொஞ்சம் நீட்டி.

இரவு இரண்டு மணிக்குக் கீழே
செங்கல்லுக்கு அடியில் ஒரு களகளப்பு.
இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.
"மழையா?"
அவள் ஜன்னலில் கைவைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.
எதிர்வீட்டில் ஒரு சின்ன விளக்கு.
"இல்லை. பெட்ராஸ்கி குளிக்கிறார்."