மிச்ச நாள்

பாபுராவ் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து.
பதினாறு ரூம், ஒரு லிஃப்ட்,
அதுவும் பேஷன்ட்டுக்கு மட்டும்.
ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை
மேசைக்கு இந்தப் பக்கம் நான்.

வெளிநாட்டார் யார் வந்து இறங்கினாலும்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
படிவம் சி ஏற்றியாக வேண்டும்.
பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி.
விசா எண். எங்கிருந்து வந்தீர்.
எத்தனை நாள் தங்குவீர்.
அடுத்து எங்கே.

சாத்கீராவிலிருந்து வருகிறவர்களுக்கு
வேலூர்தான் வெளிநாடு.
இது எனக்கு உறைக்க ஒரு வருஷம் பிடித்தது.

ஒன்பதாம் ரூம். மொஃபாஸல் உசேன், ஈரல், மெடிக்கல் விசா.
கூட ஷெஃபாலி பேகம், அட்டெண்டன்ட் விசா.
அவர் விசா உள்ளவரைதான் அவள் விசா.
கல்யாணத்தில்கூட இவ்வளவு கறாராய்ச் சொல்வதில்லை.

ஒரு தப்புச் செய்தேன்.
பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ.
எக்ஸ்டென்ஷனுக்குப் போட்டது திரும்பி வந்துவிட்டது.
என் லாட்ஜில் படுத்திருந்த மனிதர்
என் லாட்ஜில் இல்லவே இல்லையாம்.
மறுபடி ஆஸ்பத்திரிக் கடிதம், மறுபடி லாட்ஜ் கடிதம்,
மறுபடி போட்டோ, வெள்ளைப் பின்னணி.
மஞ்சள் பூத்த முகத்தை வெள்ளைத் துணி முன்னால் நிறுத்தி
கலரைத் திருத்திவிடட்டுமா என்றாராம் ஸ்டுடியோக்காரர்.
வேண்டாம் என்றிருக்கிறாள் ஷெஃபாலி.
எல்லையில் ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே.

சீல் வைக்கும்போது என் கை நடுங்கியது.
தேதி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.
தம்மாமில் ஏசி மெக்கானிக்காய் இருந்த என் வீட்டுக்காரர்
அறுபது நாள் எக்ஸிட் ரீ-என்ட்ரியில் வந்தார்.
ஐம்பத்தெட்டாம் நாள் பெரியவளுக்கு டைபாய்டு.
கஃபீலுக்குப் போன் போட்டால், நாளைக்கு நீட்டுகிறேன்.
நாளைக்கு.
நாளைக்கு.
ஆறு நாள் பிந்தியதற்கு மூன்று வருஷம் வராதே என்றார்கள்.
அங்கே கட்டிலுக்கடியில் அவர் டூல் பாக்ஸ் இன்னும் இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
இப்போது காட்பாடி ஸ்டாண்டில் ஆட்டோ.
காலாவதியான இக்காமா மட்டும் பீரோவில்,
எல்ஐசி பத்திரத்துக்கு மேல்.

எக்ஸ்டென்ஷன் வந்தது. தொண்ணூறு நாள்.
பிரிண்ட் எடுத்து ஒன்பதாம் ரூமுக்கு நானே கொண்டுபோனேன்.
இருபத்தோராம் நாள் டாக்டர் சொன்னார்,
வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
இவர்கள் கேட்கவில்லை.

கணக்கு முடிக்க வந்த ஷெஃபாலி
பில்லைப் பார்க்காமல் அந்தக் காகிதத்தை நீட்டினாள்.
கொதோ தின் பாக்கி?
விரலில் அடங்கவில்லை;
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன். அறுபத்தொன்பது.
பன்னிரண்டாம் ரூம் பையனுக்கு
விசா புதன்கிழமை முடிகிறதாமே,
இதை அவன் பேருக்கு மாற்றித் தர முடியுமா என்றாள்,
குழம்பு மீந்தால்
கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குத் தருகிறவள் மாதிரி.

முடியாது என்பதற்கு என்னிடம் வங்காளி உண்டு.
ஹொபே நா. தினம் பத்துத் தடவை சொல்வதுதான்.
அன்றைக்கு வாயில் வரவில்லை.
எனக்கும் ஒருகாலத்தில் ஆறே ஆறு நாள் வேண்டியிருந்தது.
யாரிடமாவது மிச்சம் இருந்திருக்கும்.

விடியற்காலை வாசலில் ஆட்டோ.
பாலாற்றுப் பாலத்தில் குழி, மெதுவாப் போங்க என்றேன்
வீட்டுக்காரரிடம்.
மொஃபாஸலைத் தூக்கி உட்கார வைத்தார்,
ஏசி மெஷினைத் தூக்கும் அதே பிடி:
ஒரு கை அடியில், ஒரு கை முதுகில்,
சுவரில் இடிக்காமல்.
வாடகை வாங்கினாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

உள்ளே வந்து புறப்பாட்டைப் பதிய வேண்டும்.
நாள். நேரம்.
அடுத்து செல்லும் இடம்.
ஹவுரா என்று அடித்தேன்,
அழித்தேன்.
பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
சாத்கீரா,
இந்தத் தடவை எழுத்து எழுத்தாக.